“நம்ம ஆளுங்களுக்குத் தனி விலை”: கடற்கரைக் கேம்பிங் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோயில் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, பழைய தோட்டத்து ஆட்கள் குழு என்று ஒன்று விடாமல் வந்துவிட்டது. வெள்ளைக் கூடாரங்கள், வரிசையாய் மஞ்சள் விளக்கு, கயாக்கில் இரண்டு பிள்ளைகள், மேலே “குடும்பத்தோடு கடலோரக் கேம்பிங்”, கீழே “நம்ம ஆளுங்களுக்கு மட்டும் தனி விலை”. இடத்தின் பெயரை நான் இங்கே போடவில்லை, விஷயம் பயனீட்டாளர் புகாரை விசாரிக்கும் நடுவர் மன்றத்தில் இருக்கிறது. சித்தியவான் தாண்டி லுமுட் பக்கம், கடலைப் பார்த்த இடம். போஸ்டர் வந்தவர்களுக்கு இது போதும்.

எண்ணுக்கு அடித்தால் எடுத்த ஆள் வாய் நிறைய அண்ணே போட்டுப் பேசினார். “வெப்சைட்டப் பாக்காதீங்க அண்ணே, அதுல 380 போட்டிருப்பான். நம்ம ஆளுங்களுக்கு 260தான், அதுவும் முன்வரிசை, கண்ணத் தொறந்தா கடலு.” பசியாறல் உண்டு, 12 வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்கு எல்லாமே இலவசம், கோழி வாட்ட அடுப்பு அவர்களே தருவார்கள், சாமான் நாம் கொண்டுபோகலாம். இரண்டு கூடாரத்துக்கு 520 வெள்ளியை அன்றைக்கே அனுப்பச் சொன்னார், பள்ளி விடுமுறை, இடம் போய்விடும் என்று. கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டேன். “அக்கவுண்டன் அண்ணே.” நம் ஊரில் சின்ன வியாபாரம் செய்கிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வாங்குகிறார்கள், அதனால் அது பெரிதாகத் தெரியவில்லை.

போனது நாங்கள் ஐந்து பேர், தம்பி குடும்பம் மூன்று பேர், அம்மா. கௌண்டரில் இருந்த பிள்ளைக்கு அந்த அண்ணே ஆள் யார் என்றே தெரியவில்லை. “ஏஜண்டு கோட், பாங்” என்றாள், அவ்வளவுதான். அதற்குள் எங்கள் வீட்டு வாண்டுகள் காடியிலேயே உடுப்பு மாற்றிக்கொண்டு தண்ணீருக்கு ஓடியாகிவிட்டது. இந்த நேரம் பார்த்துத்தான் கணக்கு ஆரம்பிக்கிறது. பிள்ளைகளுக்குக் கையில் கட்டும் வளையம் தலைக்கு 15, நான்கு பேருக்கு 60. வெளிச் சாப்பாடு கொண்டுவந்ததற்கு 50. சுற்றுலா வரி கூடாரத்துக்கு 10, ஆக 20. அப்புறம் திரும்பத் தரும் டெப்பாசிட் கூடாரத்துக்கு 100. ஏஜண்டு சொன்னதைக் காட்டினால், அது ஏஜண்டு சொன்னது, இது கம்பெனி போலிசி. இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், மடியில் மசாலா தடவின கோழியோடு நிற்கிற குடும்பம் திரும்பிப் போகாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே எல்லாமே அந்தத் தைரியத்தில்தான் நடக்கிறது.

சுற்றுலா வரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இது பல இடத்தில் நடக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து வாங்கப்படும் சுற்றுலா வரி, அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. அது வெளிநாட்டுப் பயணிகளுக்கு. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்புத் தகுதி உள்ளவர்களுக்கும் கிடையாது. குடிமகனுக்கான நீல ஐ.சி.யை (அடையாள அட்டை) மேசை மேல் வைத்துவிட்டு, “இந்த வரி எனக்கு எப்படி வரும்?” என்று கேட்டதற்கு அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே ரசீதைக் கிழித்து நீட்டினாள். ரசீதில் சுற்றுலா வரி என்றே எழுதியிருந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று.

கழிப்பறையைப் பற்றி விரித்து எழுத மனம் வரவில்லை. மொத்தக் கூட்டத்துக்கும் இரண்டு, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சாயங்காலமே தண்ணீர் நின்றுவிட்டது. கயாக் இருந்தது, துடுப்பு இல்லை. பசியாறல் என்றால் மறுநாள் காலையில் ஆறிப்போன மீ கோரெங் ஒரு தட்டில். இதெல்லாம் சகித்துக்கொள்கிற விஷயம், விடுமுறைக் கூட்டத்தில் எங்கேயும் நடக்கும்.

கூடாரம் போட்டிருந்த இடம்தான் அப்படி விட முடியாதது.

கடற்கரையில் அலை எதுவரை ஏறி வந்தது என்பதை அது விட்டுப்போகிற குப்பை காட்டிவிடும். காய்ந்த சவுக்கு ஊசி, நுரைப்பெட்டித் துண்டு, பாட்டில் மூடி, ஒற்றைச் செருப்பு எல்லாம் கோடு போட்டது போல வரிசையாகக் கிடக்கும். அந்தக் கோடு எங்கள் கூடாரத்துக்குப் பின்பக்கம் இருந்தது. முன்பக்கம் இல்லை, பின்பக்கம். அம்மாதான் முதலில் பார்த்தார். ஆயுசில் பாதியைப் பால்மரம் வெட்டியே கழித்தவர், கடலோரம் வாழ்ந்தவர் இல்லை. ஆனால் மாசி மகத்துக்குப் பங்கோர் காளியம்மன் கோயிலுக்குப் போய்ப் பழக்கம். “டேய், இன்னைக்குப் பௌர்ணமி. தண்ணி இங்க வரும்டா” என்றார். கூடாரம் போடும் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது பழைய குப்பை, நாளைக்குக் கூட்டிவிடுவோம் என்றான். மேலே மேட்டில், சிமெண்டு மேடையில் போட்ட கூடாரங்களில் இடம் கேட்டேன். எல்லாம் புக்கிங். அவர்கள் ஜெனரேட்டர், மோட்டார் சைக்கிள், சாமான் கொட்டகை எல்லாம் அந்த மேட்டில்தான் இருந்தன, கீழே அவர்களுடையது ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று, கரண்டு. கூடாரத்துக்குள் ஒரு விசிறி, ஒரு குண்டு விளக்கு. இரண்டுக்கும் சவுக்கு மரத்தில் அடித்த பெட்டியிலிருந்து ஒரே நீள வயர், மணல் மேலேயே இழுத்து வந்து எங்கள் வாசலில் ஒரு பிளக் பலகையில் முடித்திருந்தார்கள். பலகைக்கு அடியில் உடைந்த செங்கல் ஒன்று. மழைக்குப் பாதுகாப்பாம், சாப்பாடு கட்டித் தரும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஈரக்காலோடு அதைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

விடிவதற்கு முன்னால் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “எந்திரிடா, பாய் மெதக்குது.” கையை ஊன்றினால் தண்ணீர். விசிறி அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது! தம்பி பக்கத்துக் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் வெளியே கால் வைக்காதீர்கள் என்று கத்தினான். டோர்ச் லைட்டை அடித்தால் செங்கல் தெரியவில்லை, பிளாஸ்டிக் பை மட்டும் அலையோடு ஆடிக்கொண்டிருக்கிறது. தம்பி தன் கூடாரத்தின் பின்பக்கத் துணியைக் கிழித்து வழி பண்ணிக்கொண்டு மேட்டுக்கு ஓடினான். கௌண்டரில் ஆள் இல்லை, காவல்காரர் எழுந்து சாவி தேடினார். கடைசியில் மேட்டிலிருந்த ஒருவர் ஜெனரேட்டரை நிறுத்தினார். அதுவரைக்கும் நாங்கள் நான்கு பிள்ளைகளையும் காற்று மெத்தை மேல் உட்காரவைத்து, பயம் காட்டாமல் இருக்க என்னவோ விளையாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மனைவியின் குரல் அன்றைக்கு நடுங்கினது போல நான் கேட்டதில்லை.

ஜெனரேட்டரை நிறுத்தினவர் தைப்பிங்கிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தவர், அங்கே வேலை செய்கிறவர் இல்லை. விடிந்த பிறகு அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதுதான் முழுக் கதையும் விளங்கியது. அவர் வெப்சைட்டில் 380 கொடுத்து எடுத்தவர். அவருக்கும் முன்வரிசைதான் ஆசை. கேட்டதற்கு, “முழுநிலவு வாரம், தண்ணீர் ஏறும், மேலே எடுங்கள்” என்று அவர்களே புலனத்தில் பதில் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பதிலை எனக்குக் காட்டினார். ஆக, தெரியும். தெரிந்தேதான் அந்த வரிசையைப் போட்டு, 260க்கு ஏஜண்டிடம் கொடுத்து, நம் குழுக்களில் விற்கவைத்திருக்கிறார்கள். நம்ம ஆளுங்களுக்குத் தனி விலை என்றால் தண்ணீர் வருகிற வரிசை. முன்வரிசையில் அன்று இருந்த குடும்பங்கள் எல்லாமே தமிழர்கள், எல்லாரும் ஏதோ ஒரு கோயில் குழுவிலோ பள்ளிக் குழுவிலோ போஸ்டரைப் பார்த்து வந்தவர்கள்.

இந்தக் கடல் ஏறுவது ஒன்றும் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. மலாக்கா நீரிணைப் பக்கம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறி இறங்கும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ரொம்ப ஏறும். கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் ஒவ்வொரு ஆண்டும் அட்டவணை போடுகிறது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் என்று. லுமுட்டிலேயே கடற்படைத் தளம் இருக்கிறது, அதன் பக்கத்தில் இருந்துகொண்டு இவர்களுக்கு அட்டவணை தெரியாதாம். கைப்பேசியிலேயே பார்க்கலாம், போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் மேனேஜர் என்று ஒருவர் வந்தார். இயற்கை, பாங், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார். கௌண்டரில் “பணம் திரும்பத் தரப்படாது” என்று ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து டெப்பாசிட் கேட்டதற்குப் பதில் வந்தது, இரண்டு படங்களோடு. ஒன்றில் சேறு படிந்த கூடாரத் தரை, இன்னொன்றில் தம்பி கிழித்த துணி. கூடாரத்துக்குச் சலவை, பழுதுபார்ப்பு என்று தலா 100 வெள்ளி, கணக்கு நேர். கடல் கொண்டுவந்த சேற்றுக்கு எங்களிடம் சலவைக் காசு!

அதைப் பார்த்த பிறகுதான் மனைவி விடக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, பாதி வேலை அவளுடையது. புகார் கொடுக்க யார் பெயரில் கொடுப்பது என்பதே முதல் தலைவலி. பணம் போனது ஒரு பெண் கணக்குக்கு, போஸ்டரில் ஒரு பெயர், ரசீதில் இன்னொரு பெயர், பதிவு எண் இல்லை. பிள்ளைகளைக் கௌண்டர் முன்னால் நிறுத்தி எடுத்த படத்தில், பின்னால் சுவரில் ஊராட்சி மன்ற லைசென்ஸை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் வியாபாரப் பெயர் படிக்க முடிந்தது. அதை வைத்து, வியாபாரங்களைப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம்.மில் தேடி முகவரி எடுத்தோம். லைசென்ஸ் உணவுக் கடைக்கு. கேம்பிங் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில் மண் சரிந்து கேம்பிங் போன இடத்தில் 31 பேர் செத்தார்களே, அந்த இடத்துக்கும் கேம்பிங் நடத்த லைசென்ஸ் இல்லை என்றுதான் அப்புறம் செய்தி வந்தது. காசு அனுப்புவதற்கு முன்னால் லைசென்ஸ் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பமாட்டேன் என்றால் அதுவே பதில். கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போலீஸின் செமாக் மியூல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், ஏற்கனவே யாராவது ரிப்போர்ட் கொடுத்திருந்தால் காட்டும்.

நடுவர் மன்றம் என்று சொன்னது பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் விடமாட்டார்கள், நாமே பேசவேண்டும். விஷயம் நடந்து மூன்று ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும். சேவை ஒழுங்காக, கவனத்தோடு கொடுக்கப்படவேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, சுவரில் அட்டை ஒட்டி அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நாங்கள் 520, டெப்பாசிட், வரி, நனைந்துபோன கைப்பேசி எல்லாம் சேர்த்துப் போட்டிருக்கிறோம். நோட்டீஸ் போன வாரத்திலேயே 220 வெள்ளி ஒரு வார்த்தை சொல்லாமல் கணக்கில் வந்து விழுந்தது. டெப்பாசிட்டும் அந்த வரியும். மிச்சத்துக்கு விசாரணைத் தேதி வந்திருக்கிறது, போகிறோம்.

தைப்பிங்காரர் அந்தப் புலனப் பதிலின் படத்தைக் கொடுத்திருக்கிறார், எழுதியும் கொடுத்திருக்கிறார். அன்று முன்வரிசையில் எங்களோடு நனைந்த குடும்பங்களில் ஒன்று பாரிட் புந்தார், ஒன்று கம்பார் என்று சொன்னதாக ஞாபகம். எண் வாங்கிக்கொள்ள அந்த அமளியில் யாருக்கும் தோன்றவில்லை. இதைப் பார்த்தால் கூப்பிடுங்கள். தண்ணீருக்குள் வயர் கிடக்கும் வீடியோவில் உங்கள் கூடாரங்களும் தெளிவாகத் தெரிகின்றன, அனுப்பி வைக்கிறேன். சுற்றுலா வரி எழுதிய ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நடுவர் மன்றப் பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், மனைவி சொல்லித் தருவாள்.