பீட்டில் இன்ஜின் முதல்முறை பிரிக்கிறீர்களா? 85.5, 87, 90.5: எந்த செட்?

பெங்களூரில் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருக்கும் நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே மில்லிமீட்டருக்கு வந்துவிடும். 1600 இன்ஜினின் ஒரிஜினல் போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், 85.5 மி.மீ. அதையே திரும்பப் போடுவதா, 87க்குப் போவதா, துணிந்து 90.5 போட்டுவிடுவதா? முதல்முறையாக இன்ஜினை இறக்கிப் பிரிக்கப்போகிறவரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மூன்றாவது இன்ஜின் கட்டுகிறவருக்கு என் யோசனை தேவையில்லை.

அம்பாசிடர், புல்லட் பழக்கத்தில் "போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டிடலாம் சார்" என்பார்கள். பீட்டிலில் நாலு பேரலும், அதாவது சிலிண்டர்களும், தனித்தனி. தேய்ந்தால் பேரல், பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் செட்டாகவே மாற்றிவிடுவது வழக்கம். உள்ளே ஸ்லீவ் என்ற இன்னொரு குழாய் அடித்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். காற்றாலேயே குளிரும் ஏர்-கூல்டு பேரலில் சூடு வெளித் தகடுகளான ஃபின் வரை தடையில்லாமல் போயாக வேண்டும். நடுவில் இன்னொரு சுவர் எதற்கு?

85.5 போட்டால் 69 மி.மீ. ஸ்ட்ரோக்கோடு (பிஸ்டன் போய்வரும் தூரம்) 1584 சி.சி. கிராங்க் இருக்கும் கேஸிலும், பேரலை மூடும் ஹெட்டிலும் எதையும் வெட்ட வேண்டாம். பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

87தான் ஆசை காட்டும். 1641 சி.சி. கிடைக்கிறது, அதுவும் வெட்டாமலே உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் வெளி விட்டம் மாறாமல் உள்ளே மட்டும் அகலமானால் மெலிவது பேரலின் சுவர். மெலிந்த சுவர் சூட்டில் வட்டம் தப்பும், ரிங் சரியாகப் பிடிக்காது, ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். 1970 வரைக்குமான ஃபேன் ஷ்ரவுடில் (காற்றைத் திருப்பிவிடும் உறை) ஆயில் கூலர் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றின் குறுக்கே நிற்பதால், அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சூடு அதிகம். சில்க் போர்டு சிக்னல் நெரிசலை நினைத்துப் பாருங்கள். ஃபேன் பெல்ட்டில் ஓடுவது. இன்ஜின் ஐடிலில் இருந்தால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். வெறும் 57 சி.சி.க்காக இந்தத் தலைவலி வேண்டுமா?

90.5 வேறு ரகம். 1776 சி.சி., சுவரும் தடிமன். மேக்ரி சர்க்கிள் தாண்டி ஏர்போர்ட் ரோட்டில் ஏறினால் வித்தியாசம் காலிலேயே தெரியும். ஆனால் கேஸின் வாயையும் ஹெட்டையும் பெரிதாக்க வேண்டும். கேஸ் மெக்னீசியம் அலாய். சாய்வில்லாமல் பிடித்து வெட்ட ஆள் வேண்டும். சீவல் தீப்பிடிக்கும் என்று தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும். கம்ப்ரஷன் விகிதமும் ஏறும். 7.5க்கு இருந்த ஹெட் அறையை அப்படியே விட்டால் 8ஐத் தாண்டிவிடும். அதனால் அறையை சி.சி. அளந்து, டெக் ஹைட் (பிஸ்டன் உச்சிக்கும் பேரல் விளிம்புக்கும் உள்ள இடைவெளி) பார்த்து, பிறகு கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும்.

உண்மையில் முதலில் தீர்க்க வேண்டியது பிஸ்டன் கணக்கு அல்ல, கேஸ் கணக்கு. ஜே.சி. ரோட்டுப் பக்கம் லேத் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப்போன என்னை நிறுத்திச் சொன்னது இது: "தம்பி, கேஸை அளந்துட்டு வாங்க. பிஸ்டன் எங்கேயும் ஓடிடாது." கேஸைப் பிரித்ததும் கிராங்கைத் தாங்கும் நடு மெயின் பேரிங், அதாவது இரண்டாம் நம்பர் உட்காரும் இடத்தைத் துடைத்துவிட்டு, விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். பேரிங் அடித்து அடித்துப் பள்ளமாக்கியிருந்தால் ஓரம் மேடாக நகத்தில் தட்டும். பேரிங்கின் முதுகு சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருப்பதும் அதே கதைதான். தட்டினால் லைன் போரிங் (பேரிங் உட்காரும் துளைகளை ஒரே நேர்கோட்டில் பெரிதாக்குவது) செய்து, வெளி விட்டம் கூடிய பேரிங் போட வேண்டும். லாரி பிளாக்குக்கு லைன் போரிங் செய்து கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டாகப் பிளக்கும் மெக்னீசியம் கேஸ் இதற்குமுன் செய்திருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஹெட் ஸ்டட் மரை இழுத்துக்கொண்டு வந்திருந்தால் இன்செர்ட் போடும் வேலையையும் அதோடு முடித்துவிடலாம். இறக்குமதி செய்யும் புது அலுமினிய கேஸில் இந்தக் கவலையெல்லாம் இல்லை. கனம் கூடும், கஸ்டம்ஸ் சேர்த்தால் பர்ஸ் மட்டும் இலேசாகும்.

எந்த செட் போட்டாலும் கிராங்க் எண்ட் பிளே, அதாவது கிராங்க் முன்னும் பின்னும் அசையும் அளவு, 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் வர வேண்டும். டயல் கேஜ் வைத்து, மூன்று ஷிம்மை (மெல்லிய வளையம்) மாற்றி மாற்றிப் பார்ப்பதை மெக்கானிக்கிடம் தள்ளாதீர்கள். பொறுமை இருந்தால் வீட்டிலேயே முடியும்.

ஆகவே என் ஓட்டு 85.5க்கு. மிச்சமாகும் பணம் ஹெட்டுக்குப் போகட்டும். எக்ஸாஸ்ட் வால்வு, கைடு இரண்டும் புதிது. பழைய வால்வு பார்க்க நன்றாக இருக்கிறதென்று திரும்பப் போட்டால், ஓடும்போது வால்வின் தலை உடைந்து பிஸ்டன் மேல் விழலாம். அப்போது போர் எத்தனை மி.மீ. என்பதெல்லாம் ஒரு பேச்சே இல்லை.

கேஸ் எப்படியும் லேத்துக்குப் போகிறது, இந்த வேலையை முன்பே செய்த கை ஒன்றும் கிடைத்துவிட்டது என்றால் 90.5ஐ யோசிக்கலாம். 87 அப்போதும் வேண்டாம்.