முன்னுக்கு ஒரு சைஸ், பின்னுக்கு ஒரு சைஸ்: எல்200 உடன் ஆறு வருடம்

கிரானில் இருக்கும் கூட்டாளி நேற்றுப் போன் எடுத்தான். அவனும் பழைய டபுள் கெப் ஒன்று பார்க்கிறான். "மச்சான், பின்னுக்கு மட்டும் பெரிய டயர் போட்டா சுரிக்குள்ள நல்லா ஏறும்தானே?" என்று கேட்டான். அதே வேலையைச் செய்துவிட்டுப் போன கிழமைதான் கராஜில் காசு கட்டினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2008 மிட்சுபிஷி எல்200 டபுள் கெப். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. மாரி வெள்ளம் வடிந்த கையோடு வவுணதீவுப் பக்கம் வட்டைக்குள், அதாவது வயலுக்குள், இறக்கினாலும் நெல் மூடைகளோடு ஏறி வந்துவிடும்.

நாலு வீலிலும் 245/70 ஆர்16 டயர்தான் (245 மி.மீ. அகலம், 16 அங்குல ரிம்) இருந்தது. பின் டயர் தேய்ந்தபோது அதைவிடப் பெரிய 265/70 ஆர்16 இரண்டு மலிவாகக் கிடைத்தது. "ரிம் ஒண்டுதான் தம்பி, பயப்படாமப் போடுங்க" என்றார் கடைக்காரர். ரிம்மில் ஏறியது உண்மைதான். சாதாரண ஓட்டத்தில் பின் வீல் மட்டும் இழுப்பதால் எட்டு மாதம் எதுவும் தெரியவில்லை. சுரியிலும் பின்பக்கம் நல்ல பிடி. அதை மறைக்க மாட்டேன்.

வினை தார் ரோட்டில் வந்தது. வட்டையிலிருந்து, நாலு வீலும் இழுக்கும் ஃபோர் வீலிலேயே ஏறி, வலையிறவுப் பாலம் வரும்வரை லீவரை மாற்ற மறந்துவிட்டேன். யாரோ பிரேக் பிடித்திருப்பதுபோல வண்டி இறுகியது. லீவரை இழுத்தால் அசையவில்லை. கொஞ்சம் பின்னுக்கு எடுத்த பிறகுதான் 'டக்' என்று கழன்றது. இப்படி நாலைந்து தடவை நடந்தது. கடைசியில், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸில் பேரிங் போய்விட்டது.

இந்த வகை ஃபோர் வீலில், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிபரன்ஷல் நடுவில் கிடையாது. முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டிருக்கும். வீட்டு முற்றத்தில் டயரில் சோக்கால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி அளந்தேன். முன் டயர் 2.33 மீட்டர், பின் டயர் 2.42 மீட்டர். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 16 சுற்று வித்தியாசம்! சுரியில் ஏதாவதொரு டயர் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துவிடும். தாரில் வழுக்க இடமில்லை, முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியர் பல்லிலும் ஏறும். நாலும் ஒரே சைஸ் என்றாலும் காய்ந்த தாரில் ஃபோர் வீல் போடக்கூடாதுதான். ஆனால் சைஸ் மாறினால் நேர் ரோட்டிலேயே இறுகும். ஒரே சைஸில் முன்னுக்குப் புதுசு, பின்னுக்கு மொட்டை என்று ஓடுவதும் நல்லதல்ல. அங்கேயும் சுற்றளவு வேறுதான்.

இப்போது நாலும் 245. லீவர் ஒரு விரலுக்கு வருகிறது. அந்தச் சந்தோஷத்துக்காகவே நேற்று வேலையில்லாமல் வட்டைக்குப் போய் வந்தேன்.

"அப்ப இந்த மொடலை வாங்கலாமா?" என்று கூட்டாளி கேட்டான். வாங்காதே என்றேன். நாலு டயரும் பேரிங்கும் ஒரே மாதத்தில் வாங்கிய சூடு இன்னும் ஆறவில்லை. மாரி தொடங்கின பிறகு கேட்கச் சொல்லியிருக்கிறேன்.