நிறம் கலக்கும் ஃபங்ஷன்: விளக்கம் நிரலுக்குள்ளேயா, தனிப் பக்கத்திலா?

ஓப்பன் சோர்ஸ் நிரல் நூலகத்தில் இரண்டு நிறங்களைக் கலக்கும் புதிய ஃபங்ஷனைச் சேர்த்தாயிற்று. விளக்கத்தை எங்கே எழுதுவது?

நிரலுக்கு மேலேயே கமெண்டாக (படிப்பவருக்கான குறிப்பாக) எழுதினால், ஃபங்ஷனை மாற்றுகிறவர் கண்ணில் அது பட்டே தீரும். எடிட்டரில் பெயரை அடித்ததுமே விளக்கம் வந்து நிற்கும். ஆனால் நிறத்தைக் காட்ட அதில் வழியில்லை.

தனிப் பக்கத்தின் அருமை அங்கேதான். முழு நீலத்தையும் முழு மஞ்சளையும் எஸ்ஆர்ஜிபியில் (திரைகளில் வழக்கமான நிற அளவுமுறையில்) பாதிக்குப் பாதி கலந்தால் பச்சை வராது. சாம்பல்தான், (128, 128, 128). சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையில் எவ்வளவு என்பதே இந்த எண்கள். பெயிண்ட் டப்பா நினைப்பில் வருகிறவர் இதைப் பிழை என்றே புகார் எழுதுவார். முழுச் சிவப்பும் முழுப் பச்சையும் அப்படியே கலந்தால் (128, 128, 0). அதையே நேரியல் ஒளி அளவில், அதாவது உண்மையான ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான எண்களில், கலந்தால் (188, 188, 0). இரண்டு வண்ணக் கட்டங்களை அருகருகே போட்டுவிட்டால் பத்து வரி மிச்சம். என்ன, அந்தப் பக்கம் பழசாகிப் போனால் யாரும் கவனிப்பதில்லை.

சதவீதங்களைக் கூட்டி 100 வராவிட்டால்? வலைப்பக்கத் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் கலர்-மிக்ஸ் ஃபங்ஷனில் 20, 20 என்று கொடுத்தால் சரிபாதியாகக் கலந்து, ஒளிபுகாமை 40 சதவீதமாகிவிடும். இந்த மாதிரி விதி கமெண்டில்தான் இருக்க வேண்டும் என்பேன். எந்த நிறவெளியில் (எஸ்ஆர்ஜிபியா, நேரியலா) கலக்கிறது என்பதும் அங்கேயே ஒரு வரி. படங்கள் மட்டும் தனிப் பக்கத்துக்குப் போகட்டும்.