ஃபேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டா: எது இழுக்கிறது, எதனால் இழுக்கிறது?

எந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களை யார் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்களா, தெரியாதவர்களா, இல்லை உங்களை யாரும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? வசதிகளை அடுக்கி ஒப்பிடுவதில் பயனே இல்லை, ஒருவர் கொண்டுவந்ததை அடுத்தவர் காப்பியடித்துவிடுகிறார். 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் ஸ்டோரியை ஸ்னாப்சாட் 2013இல் கொண்டுவந்தது, 2016இல் இன்ஸ்டாகிராம் பெயரைக்கூட மாற்றாமல் எடுத்துக்கொண்டது, அப்புறம் ஃபேஸ்புக்கிலும் வந்துவிட்டது. ஆக, வித்தியாசம் பட்டன்களில் இல்லை, எதிரே இருக்கும் ஆட்களில்தான்.

ஃபேஸ்புக் 2004இல் ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கியது. 13 வயதானால் யாரும் சேரலாம் என்று 2006 செப்டம்பரில்தான் கதவைத் திறந்தார்கள். அந்தக் கல்லூரி வாசனை இன்னும் முழுக்கப் போகவில்லை: சொந்தப் பெயர், சொந்த முகம், இருவரும் சம்மதித்தால்தான் நட்பு. என்னை அது பிடித்துக்கொண்டது ஒரே ஒரு கமெண்டால். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்து என் ரப்பரையெல்லாம் கடித்துத் துப்பியவன், இருபது வருடம் கழித்து என் போட்டோவுக்குக் கீழே "டேய், நீ அவன்தானே?" என்று எழுதினான். பெயரைக்கூடச் சொல்லவில்லை, ஆனாலும் யாரென்று உடனே தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி இரண்டு மணி வரை இன்பாக்ஸில் பேசிக்கொண்டிருந்தோம், பாதிப் பேச்சு யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான். வேறு எந்தத் தளமும் எனக்கு இப்படி ஒரு ராத்திரியைக் கொடுத்ததில்லை.

ஆனால் தெரிந்தவர்கள் இருப்பதுதான் அதன் தொல்லையும். மேலாளரும் சித்தப்பாவும் பழைய காதலியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கும்போது மனதில் பட்டதை எப்படி எழுதுவது? கடைசியில் பிறந்தநாள் வாழ்த்தும் ஊர்சுற்றிய போட்டோவும்தான் மிஞ்சும். (2009இல் லைக் பட்டன் வந்த பிறகு வாழ்த்தக்கூட ஒரு தட்டு போதும் என்றாகிவிட்டது, அது வேறு கதை.)

எக்ஸ் இதற்கு நேர் எதிர். நான் உங்களைப் பின்தொடர உங்கள் சம்மதம் வேண்டாம், நீங்களும் என்னைத் தொடர வேண்டியதில்லை. 2006இல் ட்விட்டராகத் தொடங்கியபோது 140 எழுத்துதான், ஏனென்றால் அப்போது அது எஸ்எம்எஸ் வழியாக ஓடியது, அதன் 160 எழுத்தில் 20ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கிவிட்டார்கள். 2017இல் 280 ஆனது. அதிலும் நமக்குக் கொஞ்சம் நஷ்டம் உண்டு, புள்ளி, கொம்பு மாதிரியான குறிகளையெல்லாம் அது தனித்தனியாக எண்ணும். "நட்பு" நமக்கு மூன்றெழுத்து, அதன் கணக்கில் ஐந்து! இருந்தாலும் அந்த நெருக்கடியில் ஒரு வரியைச் செதுக்கிப் போட்டு, யாரென்றே தெரியாத ஒருவர் அதை எடுத்துப் பகிரும்போது வருகிற சந்தோஷம் தனி. அவருக்கு என் குடும்பம் தெரியாது, வேலை தெரியாது, வரி மட்டும்தான் பிடித்திருக்கிறது. சொந்தக்காரர் போடும் நூறு லைக்கைவிட எனக்கு இது பெரிது. அதே தெரியாதவர்கள் கூட்டமாகத் திரும்பினால் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டியிருக்கும், அதுவும் நடந்திருக்கிறது. 2022இல் எலான் மஸ்க் வாங்கிய பிறகு, பணம் கட்டியவரின் பதில் மேலே போய் உட்காருகிறது. வரிக்கு மதிப்பு என்ற அந்தப் பழைய கணக்கு பாதி போய்விட்டது.

இன்ஸ்டாகிராமைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஒன்றுமில்லை, பார்ப்பதற்கான இடம் அது. ஆனால் ஸ்டோரி போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலை அரை மணிக்கு ஒருமுறை திறந்து பார்ப்பேன், குறிப்பாக ஒரே ஒரு பெயருக்காக. இதே அரிப்பு, ஃபேஸ்புக்குக்கு முன்னால் நம்மூரில் கொடிகட்டிப் பறந்த ஆர்குட் தளத்தின் காலத்திலும் இருந்தது. நம் பக்கத்துக்கு வந்து போனவர்களின் பெயரை அது காட்டிக்கொடுக்கும். 2014இல் ஆர்குட்டை மூடிவிட்டார்கள், அரிப்பு மட்டும் இடம் மாறி வந்துவிட்டது.

சரி, இந்த இழுப்பெல்லாம் வேண்டாம் என்று, எக்ஸ் மாதிரியே இருக்கும் மாஸ்டடான் என்ற தளத்துக்கும் ஒருமுறை போனேன். விளம்பரம் இல்லை, நாம் தொடர்பவர்களின் பதிவுகள் நேர வரிசையிலேயே வரும். குறை சொல்ல ஒன்றுமில்லாத இடம், எனக்குத் தெரிந்தவர்தான் ஒருவரும் இல்லை. இரண்டு வாரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இப்போது கைபேசியில் ஃபேஸ்புக் இருக்கிறது, எக்ஸைக் கணினியில் மட்டும் திறக்கிறேன். இன்ஸ்டாவை மூன்று முறை நீக்கியாயிற்று. நேற்று ஸ்டோரி போட்டது நான்காவது முறை ஏற்றியதில்.