60 வாட் ஸ்டிக்கருக்கு அடியில் 10 வாட்: முதல் ஸ்பீக்கர் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

சொந்தமாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் கட்டலாம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்புகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். "8 ஓம், 60 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய நாலு இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடியை 1,400 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். அதில் ஒன்று 4 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு). இரண்டுமே பழைய சரக்கு, புதுக் கோன் (முன்னால் அதிர்ந்து சத்தம் எழுப்பும் பேப்பர்) ஒட்டி பெயின்ட் அடித்தது. கூடவே வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர் செம்பு என்று சொல்லி விற்ற அலுமினியம். கடைப் பெயரை இங்கே போடவில்லை. அந்தத் தெருவில் நியாயமாக விற்கிற கடைகளும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. எப்படிச் சோதித்து வாங்குவது என்று தெரிந்தால் கடைப் பெயர் தேவைப்படாது.

என் பட்ஜெட் மொத்தமே 4,500 ரூபாய். மேசையின் இரண்டு பக்கமும் வைக்கிற மாதிரி இரண்டு சின்னப் பெட்டி, ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர், போனிலிருந்து பாட்டு. அவ்வளவுதான் ஆசை. கடையில் மாடல் நம்பரும், கம்பெனி அளவுகளை அச்சிட்டு வெளியிடும் டேட்டா ஷீட்டும் கேட்டேன். "டேட்டா ஷீட் எல்லாம் எதுக்கு தம்பி? மேக்னட்டைத் தூக்கிப் பாருங்க, என்னா வெயிட்டு! எந்தப் பாக்ஸ்ல போட்டாலும் பாடும்" என்றார் கடைக்காரர். கவுன்டரில் இருந்த ஆம்ப்ளிஃபையரில் ஒரு ஸ்பீக்கரை மாட்டி, ஒரு குத்துப் பாட்டைப் போட்டுக் காட்டினார். அந்தத் தெருவின் இரைச்சலில் எதைப் போட்டாலும் நன்றாகத்தான் கேட்கும். அவர் போட்டுக் காட்டியது ஒன்றை மட்டும். அதற்கு ஜோடி உள்ளேயிருந்து அட்டைப் பெட்டியோடு வந்தது.

பெட்டி செய்து, மாட்டிக் கேட்டபோது பாடகர் நடுவில் நிற்கவில்லை. குரல் முழுக்க இடது பக்கம் சாய்ந்தது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தால் பேஸ் காணாமல் போகும், எழுந்து ஒரு ஓரமாகப் போனால் கொஞ்சம் வரும். இதைக் கேட்டதும் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாற்றிக் குறித்திருந்தார்கள். ஒரு கோன் வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் கீழ் ஸ்வரம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி போதும். பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டால் கோன் வெளிப்பக்கம் நகர வேண்டும். என்னிடம் இருந்த ஒன்று வெளியே வந்தது, மற்றது உள்ளே போனது.

வயரை மாற்றிக் கொடுத்ததும் பேஸ் வந்தது. ஆனால் குரல் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. சரி என்று மல்டிமீட்டரை எடுத்தேன். வலது ஸ்பீக்கர் 6.4 ஓம் காட்டியது. அது சரியான கணக்கு. 8 ஓம் என்று போட்ட ஸ்பீக்கரின் காயிலை (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) மீட்டரில் அளந்தால் ஏறக்குறைய 6 முதல் 7 வரைதான் வரும். இடது ஸ்பீக்கர் 3.6. அதாவது அது 4 ஓம் ஸ்பீக்கர். ஒரே வோல்டேஜில் 4 ஓம் யூனிட் இரண்டு மடங்கு பவரை இழுக்கும், சுமார் 3 டெசிபல் கூடுதலாகக் கத்தும். பாடகர் இடது பக்கம் போய் உட்கார்ந்த ரகசியம் இதுதான்.

அதற்கப்புறம் சும்மா இருக்க முடியுமா? முடி காய வைக்கிற டிரையரை இடது ஸ்பீக்கரின் மேக்னட் ஸ்டிக்கர் மேல் காட்டினேன். பசை இளகி, நகத்தால் கிளப்பியதும் முழுசாக உரிந்து வந்தது. அடியில் மேக்னட்டின் பின் தகட்டிலேயே வெள்ளை மையில் அச்சடித்திருந்தது: 4 ஓம், 10 வாட். கம்பெனிப் பெயர் இருந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள். அப்புறம் கோனைக் கவனித்தேன். பேப்பர் புத்தம் புதுசு, ஆனால் ஓரத்தில் பசை பிதுங்கி ஃபிரேமின் மேல் வழிந்து காய்ந்திருந்தது. ஃபிரேமின் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினால் துரு. கோனுக்குப் பின்னால் இருக்கும் அந்த மடிப்பு மடிப்பான ஸ்பைடர் துணியில் பல வருஷத்துத் தூசி படிந்து பழுப்பேறிக் கிடந்தது. இரண்டு கட்டைவிரலாலும் கோனை மெதுவாக, சமமாக அழுத்தினால் உள்ளே "கரக் கரக்" என்று காயில் உரசுகிற சத்தம். ரீகோன் பண்ணுவது, அதாவது பழைய ஸ்பீக்கருக்குப் புதுக் கோன் போடுவது, தப்பான தொழில் இல்லை. நல்ல மெக்கானிக் ரீகோன் செய்த ஸ்பீக்கர் வருஷக்கணக்கில் பாடும். அதைப் புதுசு என்று சொல்லி, வாட்டை ஆறு மடங்காக்கி, ஜோடி சேராததை ஜோடி என்று விற்பதுதான் மோசடி.

"எந்தப் பாக்ஸ்ல போட்டாலும் பாடும்" என்பதையும் நம்பிவிடாதீர்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த வாக்கியத்தில்தான். ஒரு ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும், போர்ட் (காற்று போய்வரும் துளை) வைக்கலாமா மூடிவிடலாமா என்பதை அந்த ஸ்பீக்கரின் சில அளவுகள் தீர்மானிக்கின்றன. தீல்-ஸ்மால் அளவுகள் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் தொடங்கிவைத்த கணக்கை, ரிச்சர்ட் ஸ்மால் சிட்னியில் ஆராய்ச்சி செய்து 1970களின் தொடக்கத்தில் விரித்து எழுதினார். அதில் எஃப்எஸ் (கோன் இயல்பாகவே அதிகம் அதிரும் ஹெர்ட்ஸ்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்படுகிறது), விஏஎஸ் (கோனின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) என்ற மூன்றும் தெரிந்தால் இலவச மென்பொருளிலேயே பெட்டியைக் கணக்கிட்டுவிடலாம். இந்த எண்கள் இல்லாத ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்வது உத்தேசம்தான். எஃப்எஸ்ஸை மட்டும் வீட்டிலேயே பார்க்கலாம். ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு, போனில் டோன் ஆப் ஓடவிட்டு, ஸ்பீக்கரின் குறுக்கே ஏசி வோல்டேஜ் எந்த ஹெர்ட்ஸில் உச்சத்துக்குப் போகிறது என்று மீட்டரில் பாருங்கள். என்னுடைய ஜோடியில் ஒன்று 110 ஹெர்ட்ஸ் பக்கம், மற்றது 160ஐத் தாண்டி. இரண்டையும் ஒரே அளவுப் பெட்டியில் போட்டு ஸ்டீரியோ என்று கூப்பிட முடியாது.

ஆம்ப்ளிஃபையர் கதைக்கு வருகிறேன். நான் கேட்டது டிபிஏ3116 என்ற ஐசி வைத்த கிளாஸ் டி போர்டு, குறைவாகச் சூடாகும் வகை. "அது சைனா, எரிஞ்சுடும். 4440 போட்டுக்கோங்க, 100 வாட் வரும்" என்று சொல்லி, 4440 என்ற பழைய ஆம்ப்ளிஃபையர் ஐசி வைத்த போர்டும் 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரும் கொடுத்தார்கள். 4440ஐக் குறை சொல்ல மாட்டேன், நம் ஊரில் அதைத் தெரியாத ரேடியோ மெக்கானிக் கிடையாது. ஆனால் அந்த ஐசியைச் செய்த சான்யோ கம்பெனி அதன் டேட்டா ஷீட்டில் போட்டது, ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் (பிரிட்ஜ்) 19 வாட். ஒரு அறைக்கு 6 வாட் தாராளம், அது வேறு விஷயம். 100 வாட் எங்கிருந்து வரும்? வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரில் கை வைக்க முடியவில்லை. வயரின் எனாமலை பிளேடால் பக்கவாட்டில் சுரண்டினேன். செம்பு என்றால் சிவப்புத் தெரிய வேண்டும். வெள்ளையாக மின்னியது. நுனியில் ஈயம் பூசியிருக்கும், அங்கே சுரண்டினால் ஏமாந்துபோவீர்கள், கொஞ்சம் உள்ளே தள்ளிச் சுரண்டுங்கள். ஸ்பீக்கர் வயரிலும் இதே வேலை நடக்கிறது, மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். ட்வீட்டர் (மேல் ஸ்வரத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) போடுகிறவர்கள் கண்டன்சரைப் பாருங்கள்: எலக்ட்ரோலிட்டிக் வகை என்றால் அதில் என்பி அல்லது பிபி (பிளஸ், மைனஸ் பேதம் இல்லாதது) என்று அச்சிட்டிருக்க வேண்டும், மைனஸ் பட்டை இருக்கவே கூடாது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பப் போனேன். உரித்த ஸ்டிக்கரையும் அடியில் இருந்த எழுத்தையும் காட்டினேன். "கம்பெனியிலேர்ந்து அப்படித்தான் வருது. நீங்க சவுண்டு அதிகமா வெச்சு ஓட்டியிருப்பீங்க." அண்ணே, சவுண்டு வைத்தால் 8 ஓம் 4 ஓமாகுமா என்றேன். பதில் இல்லை. கடைசியில் இன்னும் 400 ரூபாய் கொடுத்தால் வேறு ஜோடி தருவதாக இறங்கிவந்தார். எடுத்து வைத்ததும் மீட்டரை வைத்தேன்: இரண்டும் 3.5, ஸ்டிக்கரில் 8 ஓம். "மீட்டரையெல்லாம் உள்ள வைங்க தம்பி, மத்த கஸ்டமர் பாக்கறாங்க" என்றார். அந்த ஒரு வரியிலேயே கடையின் யோக்கியதை தெரிந்துவிட்டது, கிளம்பிவிட்டேன்.

வாங்கிய அன்றே பில் கேட்டிருந்தேன். பில் போட்டால் ஜிஎஸ்டி தனியாக வரும் என்று சொல்லி, "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட, கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டைத்தான் கொடுத்தார்கள். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே நேர்மையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்குதான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைக் காட்டிக் குறைச் சரக்கிலிருந்து தப்பிக்க முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். யூபிஐயில் பணம் போன விவரத்தை வைத்து நானும் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.

இப்போது மேசையில் இருப்பது வேறு ஜோடி. அளவுகள் எல்லாம் டேட்டா ஷீட்டில் வெளியிட்ட சின்ன ஃபுல் ரேஞ்ச் (கீழ், மேல் ஸ்வரம் எல்லாவற்றையும் ஒன்றே பாடும்) யூனிட்டுகள். டேட்டன் ஆடியோ, பியர்லெஸ் மாதிரி கம்பெனிகள் இவற்றை இணையத்திலேயே போட்டுவைத்திருக்கின்றன. அவற்றில் வாட் எண் சிறியதாக இருக்கும், பயப்படாதீர்கள். பிஎம்பிஓ (விளம்பரத்துக்காகப் போடும் உச்ச வாட் எண்) என்று ஆயிரக்கணக்கில் போடுவதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. ஆம்ப்ளிஃபையர், முதலில் கேட்ட அதே டிபிஏ3116 போர்டு. பவர் சப்ளைக்கு வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப் அடாப்டர், 19 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் அது பக்கத்துக்கு இருபது வாட் பக்கம் வரும். டிரான்ஸ்ஃபார்மர் செலவே மிச்சம். பெட்டிக்கு எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வாங்கும்போது மட்டும் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், மரச் சில்லுகள் தெரிந்தால் அது பார்ட்டிகிள் போர்டு, திருகு நிற்காது.

போகும்போது பையில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு பென்சில் பேட்டரியும் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரையும் கவுன்டரிலேயே பிரித்து, ஓம் பார்த்து, பேட்டரி தொட்டு, கோனை அழுத்திப் பார்த்து, பில் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.