49 யூரோவுக்கு மாப்பிள்ளையின் குடும்பப் பெயர்

பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களின் பூர்வீகத்தையும் பரவலையும் சொல்கிறோம் என்று அறிக்கை விற்கும் இணையக் கடைகள் நிறைய இருக்கின்றன. மாப்பிள்ளையின் பிறந்த நாளுக்கு வித்தியாசமாக ஏதாவது கொடுக்கலாமே என்று அதில் ஒன்றிடம் வாங்கினேன். விலை 49 யூரோ, அனுப்புகூலி தனி. வந்தவை: பழுப்பேற்றிய கெட்டித் தாளில் நான்கு பக்கம், ஃபிரேம் போட்ட குலச்சின்னம் ஒன்று, பெயரை உச்சரித்துக் காட்டும் ஒலிக்கோப்பு ஒன்று. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வாங்குவதற்கு முன் வேறு சில கடைகளின் மாதிரிப் பக்கங்களையும் பார்த்தேன், எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு.

மாப்பிள்ளையின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அபூர்வமான குடும்பப் பெயரும் வீட்டு விலாசமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மார்த்தேன் என்று எழுதினால் யாருக்கும் ஆபத்தில்லை. பிரான்சில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் அதுதான், 1891 முதல் 2000 வரை பிறந்தவர்களில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் மார்த்தேன்கள். இவருடையதை எழுதினால் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து ஒத்-சவ்வா மாவட்டத்தில் எந்தப் பள்ளத்தாக்கில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும். 'ஓஸ்' (oz) என்று முடியும் பெயர், அவ்வளவு போதும்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், பாரிஸ் புறநகரில் ஒரு தபால் பிரிப்பு நிலையத்தில் இரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வேலையில் பெயரைப் பார்த்தே மாவட்ட எண்ணை ஊகிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். 'கெர்' என்று தொடங்கினால் வடமேற்கில் உள்ள பிரெத்தாஞ், 29-ஆகவோ 56-ஆகவோ இருக்கும். 'அக்' என்று முடிந்தால் தென்மேற்கு. கொல்லர் என்ற ஒரே தொழிலுக்கு வடக்கே லெஃபெவ்ர், தெற்கே ஃபாப்ர், சவ்வாவில் ஃபாவ்ர், பிரெத்தாஞில் லெ கோஃப். 'ஓஸ்', 'ஆஸ்' முடிவைக் கண்டால் கை தானாக சவ்வாவின் 73, 74 பக்கம் போகும், இல்லையென்றால் ழுரா மலைப் பக்கம். இவ்வளவும் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றது.

அறிக்கையின் முதல் பக்கத்தில், 'ஓஸ்' முடிவு இருப்பதால் பெயர் ஸ்பானிய வழி வந்ததாக இருக்கலாம் என்று போட்டிருந்தார்கள். இது பழைய கதை. ழுரா மலையை ஒட்டிய பிரான்ஷ்-கோந்தே 1678 வரை ஸ்பானிய அரசர்களின் கீழ் இருந்தது, அவர்கள் விட்டுப்போன பெயர்கள் இவை என்று அந்தப் பக்கத்து ஆட்களே சொல்வார்கள். ஆனால் அதே முடிவு சவ்வாவில் இருக்கிறது, சுவிட்சர்லாந்தின் வோ, வலே மாநிலங்களில் இருக்கிறது, இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கிலும் இருக்கிறது. அங்கெல்லாம் ஸ்பெயின் எங்கே ஆண்டது? இந்த ஊர்களுக்கெல்லாம் பொதுவானது பிராங்கோ-புரோவென்சால் என்ற பேச்சு. கடைசி உயிரெழுத்தை அழுத்திச் சொல்லாதே என்று காட்ட அந்தக் கால எழுத்தர்கள் போட்ட வெறும் குறிதான் இந்த இசட். உள்ளூரில் அதை உச்சரிக்க மாட்டார்கள். ஷாமொனி ஊரின் பெயரில் எக்ஸ் எழுதியிருந்தும் வாயில் வராதது போலத்தான். வெளியூர்க்காரர்கள் எழுத்தைப் பார்த்துப் படித்ததில் இசட்டுக்கும் ஓசை வந்துவிட்டது. இசேர் மாவட்டத்தில் பிறந்த இசையமைப்பாளர் பெர்லியோஸின் பெயரே அதற்குச் சாட்சி. கடையின் ஒலிக்கோப்பில் ஒரு பெண் குரல் அந்த இசட்டை அப்படி இழுத்து அழுத்துகிறது. சம்பந்தியம்மா ஒரு தடவை கேட்டுவிட்டு, "யாரைக் கூப்பிடுகிறார்கள்?" என்றார்.

இரண்டாம் பக்கம் 1539-ஆம் ஆண்டு ஆணையோடு தொடங்குகிறது. முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லெர்-கொத்ரேயில் போட்ட ஆணையால் 'உங்கள் பெயர் நிரந்தரமானது' என்கிறார்கள். அந்த ஆணை பாதிரியார்களை ஞானஸ்நானப் பதிவேடு வைக்கச் சொன்னது, அது உண்மை. ஆனால் எழுத்து அதற்குப் பிறகும் பாதிரியாரின் காதைப் பொறுத்து மாறிக்கொண்டேதான் இருந்தது. பிறப்புப் பதிவில் உள்ளதைத் தவிர வேறு பெயர் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது புரட்சிக் காலத்தில், 1794-இல். எழுத்து ஒருவழியாக உறைந்தது 1877-இல் குடும்பக் கையேடு வந்த பிறகுதான். அந்தக் கையேடு வந்த கதையும் தனி: 1871 மே மாதம் பாரிஸ் கம்யூன் எழுச்சியின் கடைசி நாட்களில் நகரசபைக் கட்டடமும் நீதிமன்றக் கட்டடமும் எரிந்தன, 1860-க்கு முந்தைய பாரிஸ் பதிவேடுகளின் இரண்டு பிரதிகளுமே சாம்பலாயின. அதற்கப்புறம்தான் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு நகல் இருக்கட்டும் என்று தோன்றியது. தவிர, சவ்வா 1860-இல்தான் பிரான்சோடு நிலையாகச் சேர்ந்தது. அதற்கு முன் சார்தீனிய ராஜ்யம். சவ்வாப் பெயர் ஒன்றின் வரலாற்றில் இந்த விஷயம் ஒரு வரிகூட இல்லை என்றால், எழுதியவர் மாவட்டத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

மூன்றாம் பக்கம்தான் நான் காசு கொடுத்த பக்கம். 'இன்று இந்தப் பெயருடன் வாழ்பவர்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு எண், கீழே ஆறு இலக்கத் தரவரிசை, பக்கத்தில் ஒரு வரைபடம்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்லிவிடுகிறேன். பிரான்சின் புள்ளிவிவர நிறுவனமான இன்சே, தேசிய அடையாளப் பதிவேட்டிலிருந்து குடும்பப் பெயர்வாரியாகப் பிறப்புகளை எண்ணி வெளியிட்டிருக்கிறது. அந்தக் கோப்பை வைத்து ஜியோபாத்ரோனிம் என்ற தளம் வரைபடம் காட்டுகிறது. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், நான்கு காலகட்டங்கள்: 1891–1915, 1916–1940, 1941–1965, 1966–1990. பார்க்கக் காசு வேண்டாம். நான் அதில் மாப்பிள்ளையின் பெயரைப் போட்டு நான்கு எண்களையும் கூட்டினேன். அறிக்கையில் இருந்த 'இன்று வாழ்பவர்கள்' எண் அப்படியே வந்தது. 1891-இல் பிறந்தவரையும் உயிரோடு உட்கார வைத்து எண்ணியிருக்கிறார்கள்!

பிறப்பு எண்ணிக்கை வேறு, இப்போது அந்தப் பெயரோடு இருப்பவர்கள் வேறு. பெரிய பெயர்களுக்கு இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம். நூறைத் தொடாத பெயருக்கு அதுதான் எல்லாமே. இந்த எண்ணிக்கையில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரில்தான் இருப்பார்கள், கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் எந்தப் பெயரில் கடிதம் வாங்கினார்கள் என்பது இதில் தெரியாது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் மாவட்ட வரைபடத்தில் வரமாட்டார்கள். இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரிது. பதிவேட்டின் வேலை 1940-களில் தொடங்கியது, 1946-க்கு முன் இறந்துபோனவர்கள் அதில் கிடைப்பதில்லை. அப்படியானால் 1891–1915 காலகட்டத்தில் யார் குறைவார்கள்? குழந்தையாகவே போனவர்கள், முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத பையன்கள். வரைபடத்தில் அந்தக் காலகட்டம் மெலிந்து தெரிந்தால் பெயர் அப்போது சிறியதாக இருந்தது என்று முடிவு கட்டக் கூடாது.

இந்த ஓட்டையை அடைக்கவும் இலவச வழி இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெம்வார் தே ஸோம்' தளத்தில், முதல் உலகப் போரில் நாட்டுக்காக இறந்த 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அட்டைகள் இருக்கின்றன. குடும்பப் பெயரைப் போட்டால் பிறந்த தேதி, ஊர், படைப்பிரிவு, இறந்த இடம் எல்லாம் வரும். மாப்பிள்ளையின் பெயரில் சில அட்டைகள் வந்தன, எல்லாமே 74-ஆம் மாவட்டத்தில் பிறந்தவர்கள். காசு வாங்கிய அறிக்கையில் இவர்களைப் பற்றி மூச்சே இல்லை.

'1960-களுக்குப் பிறகு குடும்பம் அன்சி நகருக்குக் குடிபெயர்ந்தது' என்று வேறு ஒரு வரி. சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். "நாங்கள் எங்கேயும் போகவில்லை, பிள்ளை பெறத்தான் போனோம்." விஷயம் அவ்வளவுதான். முன்பு பிரசவம் வீட்டில், பிறகு நகரத்து ஆஸ்பத்திரியில். பிறப்புப் பதிவு ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் விழும். அதனால் வரைபடத்தில் மலைக் கிராமங்கள் காலியாவது போலவும் நகரங்கள் வீங்குவது போலவும் தெரியும். எந்தப் பெயரைப் போட்டாலும் இதே படம்தான்.

தரவரிசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிமட்டத்தில் ஒரே எண்ணிக்கையில் ஆயிரக்கணக்கான பெயர்கள் நிற்கும்போது, அதில் உங்களுக்கு ஆறு இலக்கத்தில் ஓர் இடம் கொடுப்பது அலங்காரம்தான். அபூர்வப் பெயரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அது இன்னும் எத்தனை தலைமுறை தாங்கும் என்பது. பியனெமே என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் 1845-லேயே இதை யோசித்திருக்கிறார். பெயர் ஆண் வாரிசு வழியே மட்டும் போனால், சராசரியாக ஒருவருக்கு ஒரு மகன் என்று இருந்தாலும் அது ஒரு நாள் அணைந்தே தீரும் என்பது அவர் கணக்கு. 2005 ஜனவரி முதல் அம்மாவின் பெயரையோ இருவர் பெயரையும் சேர்த்தோ பிள்ளைக்கு வைக்கலாம் என்று சட்டம் மாறியதில் சின்னப் பெயர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. என் பேத்திக்கு இரண்டு பெயரும் உண்டு.

நான்காம் பக்கம் குலச்சின்னம். நீலப் பின்னணியில் மூன்று நட்சத்திரம், ஒரு சிங்கம். 1696-ஆம் ஆண்டின் பெரிய சின்னப் பதிவேட்டிலிருந்து எடுத்ததாம். பதினான்காம் லூயி அந்தப் பதிவேட்டைத் திறந்தது போர்ச் செலவுக்கு வரி வசூலிக்க. சின்னமே இல்லாதவர்களுக்கும் அதிகாரிகள் ஒன்றை வரைந்து மாட்டிவிட்டுக் காசு கேட்டார்கள். அப்புறம், சின்னம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம், ஒரு பெயருக்கு அல்ல. ஒரே பெயர் உள்ள இரண்டு குடும்பங்களுக்கு வெவ்வேறு சின்னம் இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே இருக்காது. சவ்வாக்காரர்களோ அப்போது லூயியின் குடிமக்களே அல்ல. ஃபிரேம் நல்ல மரம், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று கடையின் இலவசத் தேடலில் என் பெயரையே தட்டிப் பார்த்தேன். புதுச்சேரியில் பிறந்தவன் நான், என் பிரெஞ்சுக் காகிதங்களில் குடும்பப் பெயர் என்று இருப்பது என் அப்பாவின் பெயர். சுத்தமான தமிழ்ப் பெயர். அது பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது, வீரமும் ஒளியும் குறிக்கும், குலச்சின்னம் தயார் என்று பதில் வந்தது. அப்பா இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பெயர் போட்டுத் தயாரித்த பொருளுக்கு 14 நாள் திருப்பி அனுப்பும் உரிமை கிடையாது என்று பதில் வந்தது. சட்டப்படி அது சரிதான், வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். தகவல் தவறு என்ற என் இரண்டாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. அறிக்கைக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம், அதுவும் ஃபிரேமுக்கு.

அதே வேலையைக் காசில்லாமல் செய்ய விரும்புகிறவர்களுக்கு, நான் போன வழி இது. முதலில் ஜியோபாத்ரோனிமில் 1891–1915 வரைபடம். ஆஸ்பத்திரிக் குழப்பம் குறைவான காலகட்டம் அது, பெயரின் சொந்த மாவட்டம் பளிச்சென்று தெரியும். எழுத்தைக் கொஞ்சம் மாற்றியும் தேடுங்கள்: இசட்டுக்குப் பதில் எஸ், எக்ஸ், கடைசியில் எதுவுமே இல்லாமல். பிறகு அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தின் தளம். பிறப்புப் பதிவுகள் 75 ஆண்டுக்குப் பிறகு எல்லோருக்கும் திறந்தவை, 2008 சட்டம் அப்படிச் சொல்கிறது. சவ்வாப் பக்கத்துப் பெயராக இருந்தால் ஒரு அதிர்ஷ்டம் கூடுதலாக உண்டு: 1728-க்கும் 1738-க்கும் இடையே சார்தீனிய அரசு வரிக்காக நிலத்தை அளந்து போட்ட 'மாப் சார்த்' வரைபடங்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எண், எண்ணுக்கு எதிரே உரிமையாளர் பெயர். மாப்பிள்ளையின் பெயர் ஒரு கிராமத்துப் பட்டியலில் இருந்தது: கொஞ்சம் புல்வெளி, ஒரு களஞ்சியம், பெயரின் எழுத்து ஒன்று மட்டும் வேறு. அந்தப் பக்கத்தின் அச்சுதான் கடைசியில் பிறந்த நாளுக்குப் போனது.

நம் ஆட்களுக்கு ஒரு விஷயம். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் 1881 செப்டம்பர் ஆணைக்குப் பிறகு தங்கள் மரபுவழிச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள், புதிதாக ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிந்தார்கள். பிரெஞ்சு மாதிரி ஒலிக்கும் அபூர்வப் பெயர்கள் பல அப்படி வந்தவை. இவற்றை மாவட்ட வரைபடத்தில் தேடினால், பிரான்சுக்கு வந்த பிறகு இங்கே பிறந்த பிள்ளைகள்தான் தெரிவார்கள், பெயர் நேற்று முளைத்தது போல இருக்கும். எக்ஸ்-ஆன்-புரோவான்சில் இருக்கும் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத் தளத்துக்குப் போங்கள். பிரெஞ்சு இந்தியாவின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளின் பக்கங்கள் அங்கே இலவசமாகப் படிக்கக் கிடைக்கும். காப்பகத்துக்குப் போகாத பிற்காலப் பதிவு என்றால் நாந்த்தில் உள்ள வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும், அதற்கும் கட்டணம் இல்லை.