கடலடி மண் ஓசியில் கிடைக்கும்: ஒரு ரிவ்யூ

ஹோட்டலுக்கும் மொபைலுக்கும் ரிவ்யூ எழுதி அலுத்துவிட்டது. இந்த முறை கடலடியில் துளைபோட்டு எடுத்த மண்ணை உலகத்துக்கே இலவசமாகக் கொடுக்கும் சேவை. நான் ஆராய்ச்சியாளன் இல்லை, ஜியாலஜி படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவன். படங்களும் அறிக்கைகளும் யாருக்கும் திறந்தே கிடக்கின்றன, அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

1968-ல் குளோமர் சேலஞ்சர் கப்பல் தொடங்கிய வேலை, 1985-லிருந்து ஜாய்டஸ் ரெசல்யூஷன் கைக்கு வந்தது. எடுத்த மண் உருளைக்குப் பெயர் கோர் (core). அதை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக அறுத்து நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை மாதிரி வெட்டித் தரவும் மறுபாதியைப் பத்திரமாக வைக்கவும் குளிர் அறையில் அடுக்குகிறார்கள். கிடங்குகள் ஜெர்மனியின் பிரேமன், அமெரிக்காவின் காலேஜ் ஸ்டேஷன், ஜப்பானின் கோச்சி ஆகிய ஊர்களில். வங்காள விரிகுடா மண் இருப்பது கோச்சியில்தான். எர்ணாகுளத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள், இது வேறு கோச்சி.

முதல் ஒரு வருடம் கப்பலில் போன குழுவுக்கு மட்டும். அப்புறம் எந்த ஆராய்ச்சியாளரும் காரணம் சொல்லி விண்ணப்பிக்கலாம், மாதிரிக்குக் காசில்லை.

சரக்கு எப்படி? 1997-ல் ஃபுளோரிடாவுக்குக் கிழக்கே எடுத்த 1049 என்ற கோரின் படத்தைப் பாருங்கள். கீழே வெளிறிய சுண்ண மண், டைனோசர் காலத்துக் கடலடி. அதன்மேல் பச்சை கலந்த கருமையில் ஒரு பட்டை, விண்கல் மோதியதில் உருகித் தெறித்த மணிகள். அந்தப் பட்டையின் உச்சியில் துரு நிறத்தில் மெல்லிய கோடு. 6.6 கோடி வருடத்துக்கு முந்தைய அழிவு ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. முதல்முறை பார்த்தபோது ஆறிப்போன டீயை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

நமக்கு நெருக்கமான சரக்கும் உண்டு. 2014 கடைசியில் மகாநதி முகத்துவாரத்துக்கு வெளியேயும் அந்தமான் கடலிலும் எடுத்த மண். மகாநதிப் பக்கத்துக் கோரை வைத்து 9 லட்சம் வருடப் பருவமழைக் கணக்கை 2021-ல் வெளியிட்டார்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிய காலங்களில் மழையும் வலுத்திருக்கிறது.

ஒரு டிப்ஸ்: மேல்மட்டத்து இளகிய சேறு வேண்டுமென்றால் 1979-க்குப் பிந்திய கோர்களைத் தேடுங்கள். அதற்கு முன் குழாயைச் சுழற்றிச் சுழற்றி எடுத்ததில் சேறு கலங்கிப்போயிருக்கும். சுழற்றாமல் குழாயை ஒரே தள்ளலில் சேற்றுக்குள் இறக்கும் பிஸ்டன் கருவி வந்த பிறகுதான் அடுக்கு கலையாமல் வந்தது.

இன்னொன்று, செய்தியில் வரும் ஆழத்தை அப்படியே நம்பாதீர்கள். ஜப்பானின் சிக்யு கப்பல் 2012-ல் 7,740 மீட்டர் போனது என்றால் அதில் கிட்டத்தட்ட 6,900 வெறும் தண்ணீர், மண்ணுக்குள் போனது 850தான். ஆனால் அந்த 850-க்குள்தான் 2011 பூகம்பத்தில் கடலடி 50 மீட்டர் போல வழுக்கியதற்குக் காரணமான வழவழப்புக் களிமண் சிக்கியது. அதே கப்பல் ஜப்பானுக்குத் தெற்கே கடலில் உள்ள நன்காய் பகுதியில் 5 கிலோமீட்டருக்கு மேல் துளைக்கக் கிளம்பி, 3,262 மீட்டரோடு நின்றுவிட்டது. மூன்று கிலோமீட்டருக்குக் கீழே பாறை அவ்வளவு எளிதில் வழிவிடுவதில்லை.

ஐந்துக்கு நான்கு ஸ்டார். குறைத்த ஒன்று சேவைக்காக இல்லை, புது சரக்கு வரத்துக்காக. ஜாய்டஸ் ரெசல்யூஷன் 2024 ஆகஸ்டில் கடைசிப் பயணத்தை முடித்துவிட்டது, அமெரிக்கா பணத்தை நிறுத்திவிட்டது, மாற்றுக் கப்பலும் தயாராக இல்லை. ஜப்பானும் ஐரோப்பாவும் சேர்ந்து 2025-ல் புதுத் திட்டம் தொடங்கியிருக்கின்றன. சீனா 2024 நவம்பரில் மெங்சியாங் கப்பலை இறக்கியது, கடல்மட்டத்திலிருந்து 11,000 மீட்டர் வரை போகும்படி கட்டியது. இதிலும் தண்ணீரைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பலின் கோர்கள் இதே மாதிரி எல்லோருக்கும் திறந்து கிடைத்தால் அந்த ஸ்டாரையும் போட்டுவிடுவேன்.

இப்போது பார்த்துக்கொண்டிருப்பது 2023-ல் அட்லாண்டிக் நடுவே 1,268 மீட்டர் துளைத்து எடுத்த மேன்டில் பாறை, அதாவது பூமியின் மேலோட்டுக்கு அடுத்த அடுக்கைச் சேர்ந்தது. பாதிக்கு மேல் பாறை நொறுங்கிக் காணாமல் போவது இந்த மாதிரித் துளைகளில் சகஜம், இதில் 70 சதவீதத்துக்கு மேல் கைக்கு வந்திருக்கிறது. இன்னும் பாதிப் படங்கள் பாக்கி.